மணல் போகும் பக்கம்

2012-ல் மாமா நெய்வேலிச் சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். இனி எங்கே இருப்பது என்று பேச்சு வந்தபோது அக்கா வேறெதையும் கேட்கவில்லை. கடல் பார்த்த வீடு ஒன்று வேண்டும் என்றாள். குடியிருப்பில் நிலக்கரித் தூசு துடைத்தே பாதி வயது போயிருந்தது அவளுக்கு. காலையில் கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும், சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடக்க வேண்டும். நான் புதுச்சேரியில் ஆசிரியை. கட்டட மேஸ்திரியாக இருந்து தளர்ந்துபோன அப்பாவும் என்னோடுதான் இருந்தார். வீடு தேடும் வேலை எங்கள் இருவரிடமும் வந்தது.

வாங்குவதற்கு அது நல்ல வருடம் என்றார்கள் தரகர்கள். முந்தைய ஆண்டு டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பல ஊர்களில் மின்சாரம் வரவே நாள்கணக்காகியிருந்தது. கடலுக்குப் பயந்துபோன சிலர் விற்க முன்வந்தார்கள். கோட்டக்குப்பத்திலிருந்து காலாப்பட்டு வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கமாக நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

தந்திராயன்குப்பத்தில் பார்த்த வீட்டை மாமாவுக்கு உடனே பிடித்துவிட்டது. மாடியில் நின்றால் முன்னால் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே கருங்கற்கள் மலைபோலக் குவிந்திருந்தன. “கவர்மென்டே கல்லு கொட்டிட்டாங்க சார். இனிமே ஒரு பயமும் இல்ல” என்றார் தரகர். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “மணல் எங்கே?” என்று கேட்டாள். தரகர் கொஞ்சம் வடக்கே போனால் இருக்கும் என்றார்.

வடக்கே போனோம். பொம்மையார்பாளையத்தில் அவர் காட்டிய இரண்டாவது வீட்டுக்கு முன்னால் உண்மையிலேயே மணல் இருந்தது. படகுகள் மேலே ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு படகின் நிழலில் பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் போய் உட்கார்ந்தார். நானும் கூடப் போனேன். வீடு வாங்க வந்திருக்கிறோம் என்றதும் அவர் ஊசியை நிறுத்தாமலேயே கேட்டார்: “தெக்கால கல்லு கொட்டியிருக்கானே, பாத்தீங்களா?”

பார்த்தோம் என்றோம்.

“மொதல்ல பாண்டியில கொட்டினான். சோலை நகர்ல கடல் ஏறிச்சு. அங்க கொட்டினான். கோட்டக்குப்பத்துல ஏறிச்சு. அப்புறம் தந்திராயன்குப்பம். கல்லு எங்க முடியுதோ அதுக்கு அடுத்த ஊருலதான் கடல் ஏறும். இப்ப கல்லு எங்க முடியுதுன்னு நீங்களே பாத்துக்கங்க.” பிறகு கடலைக் காட்டினார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டிருந்தது. “அது நிக்குதே, அங்கதான் நாங்க வலை காயப்போட்ட மேடு.”

கடலோர ஊரில் வீடு வாங்குவது பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் அந்தப் பெரியவரிடமிருந்துதான் தொடங்குகிறேன். வீட்டின் விலை, தரை, திசை, அறைகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கரையில் மணல் எந்தப் பக்கம் போகிறது, அதை வழியில் யார் மறித்திருக்கிறார்கள் என்பதுதான்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய சுமார் எட்டு மாதம் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று வீசும் மற்ற மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. குறுக்கே கடலுக்குள் ஒரு கல் அணையை நீட்டினால், மேல்மடையை அடைத்ததும் கீழ்வயல் காய்வதைப் போல, தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை கரையும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகள் கட்டினார்கள். தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே விடுவதும் அந்தத் திட்டத்தின் பகுதிதான். அந்த வேலை ஒழுங்காகத் தொடரவில்லை.

நான் பாவாடை கட்டிய வயதில் காந்தி சிலைக்கு எதிரே மணல் இருந்தது. அப்பா சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வந்ததும் எங்களைக் கூட்டிப் போவார். படிக்கட்டு இறங்கி ஓடினால் அலையைத் தொட நேரமாகும். சில வருடம் முன்புவரை என் மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அன்று அவர்களுக்குத் தெரிந்த புதுச்சேரிக் கடற்கரை கருங்கல் சுவரும் அதன்மேல் தெறிக்கும் நீரும்தான். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகால் ஆன ஆப்பு வடிவத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அதன் பிறகு அந்த இடத்தில் மணல் திரும்பியது. ஒரு தலைமுறைக்குப் பிறகு குழந்தைகள் அங்கே வீடு கட்டி விளையாடியதைப் பார்த்து நான் நெடுநேரம் நின்றேன்.

சென்னையிலும் இதே கதைதான், இன்னும் பழையது. அங்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புகளை 1870-களில் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய மெரினா அகன்றது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே உலாச்சாலை அமைத்து அந்தப் பெயரை வைத்தார். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கரை பின்வாங்கிக்கொண்டே போனது. அந்த வழியாக எண்ணூர் போகிறவர்கள் சாலையோரத்துக் கற்குவியலைப் பார்த்திருப்பார்கள். மெரினா கொடுத்த மகிழ்ச்சிக்கு யார் வீட்டு மணல் போனது என்று அங்கே நிற்கும் யாருக்காவது தோன்றியிருக்குமா என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் முதலில் தெற்கே போய்ப் பார்க்க வேண்டும். துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், முகத்துவாரத்தில் கட்டிய கல் கரை, கடலுக்குள் நீட்டிய குறுக்குச் சுவர் ஏதாவது இருந்தால் அதற்கு வடக்கே வாங்குவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். அக்கா மகன் அன்று இரவு மடிக்கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து, பழைய படங்களை ஆண்டுவாரியாகப் பின்னுக்கு நகர்த்திக் காட்டினான். காசு செலவில்லாத வேலை. பொம்மையார்பாளையத்து வீட்டுக் கூரையை அடையாளம் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு படத்திலும் வெள்ளை நுரைக்கோடு அதை நெருங்கி வந்தது. மாமா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். பேசவே இல்லை.

மாமாவுக்கு அந்த வீட்டின்மேல் ஆசை விடவில்லை. இருபது வருடம் தாங்கினால் போதும், அதற்குமேல் நாம் எங்கே இருக்கப் போகிறோம் என்றார். அதனால் பத்திரங்களை வாங்கிப் பார்த்தோம். அப்பாவின் நண்பர் பத்திர எழுத்தர். அவர் வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்டார். அதில் நான்கு எல்லை எழுதியிருக்கும் இடத்தில் விரலை வைத்து எங்களையே படிக்கச் சொன்னார். கிழக்கே சவுக்குத் தோப்பு, அதற்கும் கிழக்கே கடல் புறம்போக்கு என்று இருந்தது. அடுத்த கிரயப் பத்திரத்தில் தோப்பு இல்லை, புறம்போக்கு மட்டும் இருந்தது. விற்பவர் கொண்டுவந்த நகல் பத்திரத்தில் கிழக்கே கடல் என்று ஒரே சொல். “மூணு கை மாறுனதுல ஒரு தோப்பும் ஒரு புறம்போக்கும் காணாமப் போயிருக்கு. எழுதுனவன் எவனும் பொய் எழுதல. அவனவன் கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதியிருக்கான்” என்றார். பழைய பத்திரங்களின் எல்லைகளை வரிசையாக வைத்துப் படித்தால் கரை நகர்ந்த வரலாறு கிடைக்கும் என்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை. அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் யார் கடலோரம் வாங்கினாலும் நான் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

சர்வேயரை வைத்து அளந்தபோது கிழக்கு எல்லைக் கல் இரண்டுமே கிடைக்கவில்லை. புலப்படத்தின்படி ஒன்று அலை உடையும் இடத்தில் இருந்திருக்க வேண்டும். பட்டாவில் பன்னிரண்டு சென்ட். நிலத்தில் நிற்க முடிந்தது எட்டு சொச்சம்.

சட்டமும் இந்த நகரும் கோட்டோடு கட்டப்பட்டதுதான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரை அது பேசுகிறது. நாங்கள் தேடிய காலத்தில் இருந்த 2011 விதிப்படி, ஊராட்சிப் பகுதிகளில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்ட முடியாது. முறையாக அனுமதி பெற்ற பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாம், பெரிதாக்க முடியாது. 2019-ல் மக்கள் நெருக்கம் அதிகமான கிராமங்களுக்கு 200 என்பதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். ஆனால் அது அந்த விதிக்கான புதிய வரைபடம் அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் செல்லும். ஊர்ப் பெயரைச் சொல்லித் தரகர் தரும் உறுதி எதற்கும் ஆகாது. சர்வே எண்ணை வைத்துக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்க்க வேண்டும். உப்பனாறு, கழிமுகம், ஓடை இவற்றின் கரைக்கும் இந்த விதி உண்டு. கடல் கண்ணுக்கே தெரியாத மனையும் இதில் அடங்கலாம்.

அதைவிட முக்கியமானது, அளவுநாடாவின் ஒரு முனை கடலில் இருக்கிறது என்பது. கரை உள்ளே வந்தால் உயர் அலைக் கோடும் உள்ளே வரும். வாங்கும் நாளில் 200 மீட்டருக்கு வெளியே இருந்த வீடு அடுத்த வரைபடத்தில் உள்ளே போய்விடலாம். இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கும் பிள்ளைகளுக்கு அப்போது அனுமதி கிடைக்காது. மாமா சொன்ன இருபது வருடக் கணக்குக்கு அன்று பத்திர எழுத்தர் சொன்ன பதில் இதுதான்.

பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. அதனாலேயே கட்டடம் சட்டப்படியானது என்று ஆகிவிடாது. கொச்சியை அடுத்த மரடில் நடந்ததைப் பிறகு நாடே பார்த்தது. கடலோர விதியை மீறிக் காயலோரம் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளே இருந்தவர்கள் முறையாகப் பதிவுசெய்தவர்கள், வீட்டு வரி கட்டியவர்கள், வங்கிக் கடன் வாங்கியவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். வீட்டுச் சாமான்களோடு படியிறங்கிய வயதானவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

புதுச்சேரி நகருக்குள் வாங்குவதென்றால் வேறொரு சிக்கல் உண்டு. 1881-ல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஓர் ஆணையின்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களின் வாரிசுரிமை அந்தச் சட்டப்படி போகும். கடலோர வீதிகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சிலவற்றுக்கு வாரிசுகள் பாதிப்பேர் பிரான்சில் இருப்பார்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பின்னால் வழக்குதான். அந்த வகை வீட்டுக்கு இந்த ஊர் வழக்கம் தெரிந்த வக்கீலை வைத்துக்கொள்வது நல்லது.

அப்பா வீடு பார்க்கும் முறை வேறு. எங்கே போனாலும் மாடிக்கு ஏறமாட்டார். “விக்கிற வீட்டுக்கு நேத்துதான் பெயின்ட் அடிச்சிருப்பான் மாப்ள. பக்கத்து வீட்டுக்கு எவன் அடிச்சான்? அதைப் பாருங்க” என்று வேலி ஓரமாக நடந்து, ஒத்த வயதுள்ள அடுத்த வீட்டின் சன்ஷேடுக்கு அடியில் நிமிர்ந்து பார்ப்பார். பால்கனியின் அடிப்பாகம், மாடிப்படியின் அடிப்பாகம், தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கும் தளம் என்று வெயிலும் பெயின்டும் போகாத இடங்கள்தான் அவர் கண்ணுக்கு முக்கியம். செம்பழுப்பு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். அது காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். மேலே எத்தனை பூச்சு பூசினாலும் மறுபடி வெடிக்கும்.

கையில் சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். கூரையைத் தட்டிக்கொண்டே போவார். ணங்கென்று கேட்டால் நகர்வார். பொத்தென்று கேட்ட இடத்தில் நிற்பார். ஒரு வீட்டில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டு அழகாக விளக்கு பதித்திருந்தார்கள். ஒரு பலகையை மட்டும் கழற்றிக் காட்டுங்கள் என்றார். தரகர் முடியாது என்றார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அக்கா விளக்கின் அழகைப் பேசிக்கொண்டே பின்னால் வந்தாள்.

விற்பவரிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “வீடு கட்டும்போது தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” லாரித் தண்ணீரா, அந்த இடத்திலேயே போட்ட போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, உப்புத் தண்ணீரையே ஊற்றி நனைத்த வீட்டுக்கு உப்புக் காற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உப்பு உள்ளேயே இருக்கிறது. கடற்கரை மணலைக் கலவையில் சேர்த்திருந்தால் அதே கதி. இந்தியத் தர விதி 456, சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருந்தால் போதும் என்கிறது. கடற்காற்று நேராக அடிக்கும் இடத்தில் 45 கேட்கிறது, காங்கிரீட்டும் குறைந்தது எம்-30 தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சட்டிக் கணக்கில் கலவை போட்டுக் கட்டிய வீடுகளில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரியும். அவரே பலவற்றில் வேலை செய்தவர்.

அவர் மிகவும் மதித்தது பழைய வீடுகளை. இளம் வயதில் ஒயிட் டவுன் வீடுகளில் சுண்ணாம்பு வேலை கற்றவர் அவர். செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்திரம், மேலே மெட்ராஸ் டெரஸ் எனும் செங்கல்-சுண்ணாம்புத் தளம். நூறு வருடத்துக்குமேல் அதே உப்புக் காற்றில் நிற்கின்றன. “அதுல துருப்பிடிக்க என்ன இருக்கு?” என்பார். கம்பி இல்லாத வீடு. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அப்படிப்பட்ட சுவரின்மேல் சிமென்ட் பூசியவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, சுவர் பொரிந்து கொட்டும். பழைய வீடு வாங்குகிறவர் முதலில் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிக்கொள்ள வேண்டும். இன்று அவர்கள் மிகக் குறைவு.

கீல், தாழ்ப்பாள், ஏசியின் வெளிப்பெட்டி, சுவிட்சுக்குள் இருக்கும் செம்பு எல்லாமே கடலோரத்தில் சீக்கிரம் போகும். வேறு ஊரில் பத்து வருடம் உழைப்பது இங்கே பாதியில் நின்றுவிடும். “கடலோரம் வீடு வாங்குறவன் வருஷா வருஷம் அந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வாங்கணும் மாப்ள” என்று மாமாவிடம் சொன்னார். மாமா ஓய்வூதியக் கணக்கை எடுத்து அதற்கென்று ஒரு தொகையை எழுதிக்கொண்டார்.

தண்ணீரை அக்கா பார்த்துக்கொண்டாள். விற்பவர் வீட்டுக் குழாயைத் தொடாமல், தெருவில் குடத்தோடு நின்ற பெண்களிடம் போனாள். இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா, சித்திரையில எப்படி இருக்கும்? அவர்கள் சொன்னதைத்தான் பிறகு ஆய்வகச் சீட்டும் சொன்னது. கடலோர மணலில் பெய்யும் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல நீர் தாங்கும் என்பது கணக்கு. மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் அடியில் உப்பு அந்த அளவுக்கு ஏறிவரும். அதனால்தான் குப்பத்தில் ஆழமில்லாத உறைகிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும்போது, பக்கத்து மாளிகையின் ஆழ்குழாயில் கரிக்கிறது. மோட்டார் போட்டு இறைக்க இறைக்க உறைகிணறும் கெடும். மார்கழியில் வீடு பார்க்கிறவர் தண்ணீரைச் சோதித்து ஒரு பயனும் இல்லை. தண்ணீரைச் சித்திரை, வைகாசியில் பார்க்க வேண்டும். கடலையோ ஐப்பசி, கார்த்திகையில், அமாவாசையை ஒட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அக்காவும் மாமாவும் வாங்கியது சாலைக்கு மேற்கே, செம்மண் மேட்டில். கடல் தெரியாது. மொட்டை மாடியில் நின்றால் இரவில் சத்தம் மட்டும் கேட்கும். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது, இன்றும் இருக்கிறது. அவள் அதை மறைத்ததில்லை. ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டியபோது, நகருக்குள் ரெயின்போ நகர் போன்ற பகுதிகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அவை கடற்கரையில் இருப்பவை அல்ல, அதன் பின்னால் இருக்கும் தாழ்வான இடங்கள். மழைநீர் வடிய வேண்டிய வாய்க்கால்கள் போய்ச்சேர்வது கடலில்தான். புயலில் எழும்பி நிற்கும் கடல் அதை வாங்காது. கடலைவிட்டுத் தள்ளியிருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் மேடு பள்ளத்தையும் பார்க்க வேண்டும். அக்கா வீட்டு வாசலில் அன்று செந்நீர் ஓடிப் போய்க்கொண்டே இருந்தது, தேங்கவில்லை.

பொம்மையார்பாளையத்து வீட்டைச் சென்னைக்காரர் ஒருவர் வாங்கினார். அது விழவில்லை. விலையும் ஏறியிருக்கிறது. ஆனால் அதன் தெற்குப் பக்கத்துக் குப்பத்தில் மீனவர் வீடுகள் சிலவற்றைக் கடல் எடுத்துக்கொண்டது. பிறகு அங்கேயும் கல் வந்தது. படகு நிறுத்த மணல் இல்லாமல் ஊர்க்காரர்கள் இன்னும் வடக்கே இடம் தேடிப் போகிறார்கள். வாங்குகிறவனுக்கு இது முதலீட்டுக் கணக்கு. அவர்களுக்குப் பிழைப்பு.

1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் செய்த ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதமும் புதுச்சேரிக் கரையில் 56.2 சதவீதமும் அரிப்புக்கு ஆளாகியிருக்கின்றன. அரசிடம் வரைபடமே இருக்கிறது. கடலோரச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று கேட்கும்போது, அந்த எண்ணின் கரை எத்தனை மீட்டர் நகர்ந்திருக்கிறது என்ற தாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நான் மனு எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன். ஓய்வூதியப் பணம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு பதிவு அலுவலக வாசலில் நிற்கிறவர்களுக்கு அந்த ஒரு தாள் கிடைக்க வேண்டும்.

அக்கா சாயங்காலம் கடலுக்குப் போவது குப்பத்தின் நடுவே போகும் மணல் சந்து வழியாக. இரண்டு வருடம் முன்னால் அந்தச் சந்தின் முனையில் புது மாளிகைக்காரர் ஒருவர் சுவர் எழுப்பினார். பட்டாவில் இருக்கிறது என்றார். படகு என்ஜினைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்களும், மீன்கூடையோடு பெண்களும் ஊரைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஊர்ப் பஞ்சாயத்தார் தாலுகா அலுவலகத்துக்குப் போனபோது பழைய புலப்படத்தின் நகலை எடுத்துக் கொடுத்தது பத்திர எழுத்தர். மனுவில் ஊர்க்காரர்கள் பெயருக்குக் கீழே அக்காவும் மாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். புலப்படத்தில் அந்தச் சந்து பாதைப் புறம்போக்கு என்றுதான் இருந்தது. சுவர் இடிக்கப்பட்டது.